கையில் இருக்கும் பாட்டு: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாட்டைச் சேர்ப்பது, பகிர்வது, அதற்கான மென்பொருள் என்றே இருந்ததால் மற்றதையெல்லாம் அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் சொல்வது ஒரு ரசிகனின் கருத்து. இருபது வருடத்துக்கு மேலாகப் பாட்டு சேர்க்கிறேன், கண்ணில் படும் மென்பொருளையெல்லாம் போட்டுப் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

கேள்வி: மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு ஃபோனிலேயே வந்துவிடுகிறது. இன்னமும் எதற்கு ஹார்டு டிஸ்க்கில் பாட்டு சேர்த்து வைக்கவேண்டும்?

சந்தா நானும் கட்டுகிறேன். தெரியாத பாடகரைத் தெரிந்துகொள்ள, ஒரு ஆல்பம் நமக்குப் பிடிக்குமா என்று பார்க்க, அதைவிட வசதியான வழி கிடையாது. ஆனால் அங்கே இருக்கும் பாட்டு எதுவும் என்னுடையது இல்லை. அந்த நிறுவனத்துக்கும் பாட்டின் உரிமையாளருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கும்வரை கேட்கலாம், அது முடிந்த அன்று என் பட்டியலில் பாட்டின் பெயர் மட்டும் வெளிறிப்போய் நிற்கும், தொட்டால் ஒன்றும் நடக்காது. எனக்கு இது பல தடவை நடந்திருக்கிறது. சில சமயம் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் பதிவு மாறியிருக்கும். பழையதை எடுத்துவிட்டு ரீமாஸ்டர் செய்ததை, அதாவது ஒலியைப் புதிதாகச் செப்பனிட்டதை, வைத்திருப்பார்கள், வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது முதல் சில நொடிகளிலேயே தெரிந்துவிடும், தெரிந்த வீட்டில் யாரோ நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டதுபோல இருக்கும்.

'வாங்கிய' பாட்டுக்கும் இதே கதை நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளில் டிஆர்எம் என்ற பூட்டு இருந்தது. புதுக் கணினிக்கு மாறினால் அவர்களுடைய சர்வரிடம் அனுமதி வாங்கினால்தான் அந்தப் பாட்டு பாடும். 2008-ல், அந்த சர்வரை ஆகஸ்ட் கடைசியோடு நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். வாங்கியவர்கள் கொதித்துப்போனதால் கெடுவை 2011 வரை தள்ளிவைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், முழுப் பணமும் கொடுத்தாயிற்று, ஆனாலும் கடைக்காரர் கடையை மூடினால் நம் வீட்டில் இருக்கும் பொருள் வேலை செய்யாது!

அப்புறம் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான சின்னக் குழுக்கள் தங்கள் பாட்டை அங்கேதான் ஏற்றிவைத்தன. சர்வர் மாற்றத்தின்போது அத்தனையும் போய்விட்டது என்று 2019-ல் வெளியே தெரிந்தது. 12 வருடப் பாட்டு, 5 கோடிக்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது. அதில் பெரும்பகுதி வேறெங்கும் வெளிவராத பாட்டாக இருந்திருக்கும். ஏற்றியவர் வீட்டிலோ, டவுன்லோடு செய்த யாராவது ஒரு ரசிகரிடமோ பிரதி இருந்தால் உண்டு. (அதில் ஒரு சிறு பகுதி, சுமார் 5 லட்சம் பாட்டு, பின்னால் மீட்கப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துக்கு வந்ததே யாரோ சிலர் முன்கூட்டியே பிரதி எடுத்துவைத்திருந்ததால்தான்.)

எல்லாவற்றையும் சேர்த்துவைக்கச் சொல்லவில்லை. இது போய்விட்டால் மனசு கஷ்டப்படும் என்று தோன்றும் பாட்டு ஒவ்வொருவருக்கும் இருநூறோ முந்நூறோ இருக்கும், அதை மட்டும் பூட்டில்லாத ஃபைலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேண்ட்கேம்ப் மாதிரி இடங்களில் பாடியவரிடமிருந்தே வாங்கலாம், சிடி இருந்தால் அதிலிருந்து ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

கேள்வி: அப்பா அடிக்கடி 'நாப்ஸ்டர் காலம்' என்று பேசுகிறார். அது என்ன, ஏன் அதை இப்படிக் கொண்டாடுகிறார்?

உங்கள் அப்பாவும் நானும் ஒரே ஆட்கள்தான் போலிருக்கிறது. 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற 18 வயதுப் பையன் வெளியிட்ட மென்பொருள் அது. உங்கள் கணினியில் இருக்கும் எம்பி3 பாட்டுகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் அது தன் சர்வருக்கு அனுப்பும். பாட்டு சர்வருக்குப் போகாது. நான் ஒரு பாட்டைத் தேடினால் 'இன்னாரிடம் இருக்கிறது' என்று சர்வர் சொல்லும், அதன்பின் அவர் கணினியிலிருந்து நேராக என் கணினிக்குப் பாட்டு வரும். யோசனை அவ்வளவுதான், ஆனால் அதற்கு முன்னால் பாட்டு தேடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு இணையதளத்தில் பெயர் இருக்கும், சொடுக்கினால் அந்தப் பக்கமே இருக்காது, பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான்.

அன்றைய வேகத்தையும் சொல்லவேண்டும். நான்கு நிமிடப் பாட்டு சிடியில் 42 எம்பி பிடிக்கும். அதையே எம்பி3-யில் நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் 4 எம்பிக்கும் கீழே வந்துவிடும். டெலிபோன் லைன் வழியே இணையத்தோடு சேர்க்கும் 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினால்கூட அதற்குப் பத்து நிமிடம், நிஜத்தில் இருபது நிமிடம், பாதியில் யாராவது டெலிபோனை எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. அப்படி வந்த பாட்டை நாங்கள் பாதியில் மாற்றவே மாட்டோம், கடைசி நொடிவரை கேட்போம். அதைவிட முக்கியமான ஒன்று, இன்னொருவரின் தொகுப்பை அப்படியே திறந்து பார்க்க முடிந்தது. எனக்குப் பிடித்த ஒரு அபூர்வப் பாட்டை வைத்திருக்கும் முகம் தெரியாத ஆள் வேறு என்னென்ன வைத்திருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்ட இசை எவ்வளவோ. இன்றைய 'உங்களுக்குப் பிடிக்கலாம்' பரிந்துரைகள் எனக்கு அந்த அளவுக்குப் புதிய வாசலைத் திறந்ததில்லை.

ஆனால் பாடியவருக்கு ஒரு பைசாவும் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1999 டிசம்பரிலேயே இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2000-ல் மெட்டாலிகா என்ற ராக் குழு வழக்குப் போட்டதோடு நிற்காமல் தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை அச்சடித்து நாப்ஸ்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்தது. எல்லாத் தேடலும் ஒரே சர்வர் வழியாகப் போனதால் நீதிமன்றம் அந்த ஒன்றைப் பிடித்தால் போதும் என்றாகிவிட்டது. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது.

அதற்குள் மென்பொருள் எழுதுபவர்கள் பாடம் படித்துவிட்டார்கள். வின்ஆம்ப் என்ற பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் 2000 மார்ச்சில் குனூடெல்லா என்ற பகிர்வு மென்பொருளை வெளியிட்டார்கள். அதில் நடு சர்வரே கிடையாது, ஒவ்வொரு கணினியும் பக்கத்துக் கணினியைக் கேட்கும், அது அடுத்ததைக் கேட்கும். அவர்களுடைய நிறுவனத்தை அப்போது ஏஓஎல் என்ற பெரிய இணைய நிறுவனம் வாங்கியிருந்தது, மறுநாளே அதை எடுக்கச் சொல்லிவிட்டது, ஆனால் அதற்குள் டவுன்லோடு செய்தவர்கள் அது எப்படிப் பேசுகிறது என்று பிரித்துப் பார்த்து அதே மாதிரி மென்பொருள்களை எழுதிவிட்டார்கள். 2001-ல் பிராம் கோஹன் எழுதிய பிட்டோரன்ட் இன்னும் ஒரு படி மேலே. ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று கணக்குப் பார்த்து, கூட்டத்தில் யாரிடமும் அதிகம் இல்லாத துண்டை முதலில் வாங்கி, நமக்குக் கொடுப்பவருக்கு நாம் முதலில் கொடுத்து, இப்படி வாங்குகிறவர் எல்லாரையும் அது கொடுக்கிறவராகவும் ஆக்கிவிட்டது. எத்தனை பேர் அதிகமாகக் கேட்கிறார்களோ அத்தனை வேகமாக வரும். சாதாரண சர்வரில் நடப்பதற்கு நேர் எதிர். மென்பொருளில் நான் பார்த்த மிக அழகான யோசனைகளில் ஒன்று இது என்று இன்றும் சொல்வேன்.

இன்னொன்று. ஸ்பாட்டிஃபை 2008-ல் வந்தபோது கணினியில் பாட்டு அவ்வளவு சட்டென்று பாடியதற்கு ஒரு காரணம், அதற்குள்ளும் இதே பகிர்வு முறை ஓடிக்கொண்டிருந்ததுதான். யூடோரன்ட் என்ற பிட்டோரன்ட் மென்பொருளை எழுதிய லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் அதன் ஆரம்பகாலப் புரோகிராமர்களில் ஒருவர். 2014-ல்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கேள்வி: டோரன்ட் என்றாலே சட்டவிரோதம்தானே?

இல்லை. டோரன்ட் என்பது மேலே சொன்ன பிட்டோரன்ட்தான். அது ஒரு கொண்டுபோகும் முறை, கொண்டுபோகும் பொருளைப் பொறுத்துத்தான் சரியா தவறா என்று வரும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வெளியீடுகளை டோரன்ட்டில் கொடுக்கிறார்கள், இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் சேகரிப்பை டோரன்ட்டிலும் தருகிறது. வீடியோ ரெக்கார்டர் பற்றி 1984-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான், ஒரு கருவிக்கு நியாயமான உபயோகம் கணிசமாக இருந்தால் அதை விற்றவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று. 2005-ல் குரோக்ஸ்டர் என்ற பகிர்வு மென்பொருள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம், திருட்டுப் பிரதி எடுக்கச் சொல்லித் தூண்டி மென்பொருளை விற்றால் பொறுப்பு உண்டு என்றது. இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

கேள்வி: நான் காசு கொடுத்து வாங்கிய பாட்டை நண்பருக்கு அனுப்பினால் தப்பா? உங்கள் மனசாட்சிப்படி சொல்லுங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் சட்டத்தை விட்டுவிட்டு மனசாட்சிப்படியே சொல்கிறேன்.

ஒருவருக்கு ஒரு பாட்டைக் கேட்கக் கொடுப்பது இசையின் இயல்பு. எனக்கு உயிராக இருக்கும் பாட்டுகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் 'இதைக் கேளேன்' என்று கொடுத்ததுதான், கேசட்டில், சிடியில், பென்டிரைவில். அதைத் திருட்டு என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் ஒருவருக்குக் கொடுப்பதும் ஊருக்கே திறந்துவிடுவதும் ஒன்றில்லை. முதலாவதில் எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு இது பிடிக்கும் என்று யோசித்துக் கொடுக்கிறேன், பிடித்தால் அவர் அடுத்த ஆல்பத்தை வாங்குவார், கச்சேரிக்குப் போவார். இரண்டாவதில் பாட்டு உண்டாக்கியவருக்கும் கேட்பவருக்கும் இடையே இருந்த ஒரே நூலையும் அறுத்துவிடுகிறேன். நான் என்ன செய்கிறேன் என்றால், உயிரோடு இருக்கும், இன்னும் பாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் பாட்டை அனுப்பும்போது, வாங்கும் இடத்தின் சுட்டியையும் கூடவே அனுப்புவேன். சில சமயம் அந்த ஆல்பத்தையே வாங்கிப் பரிசாகக் கொடுத்துவிடுவேன். சின்னக் குழு என்றால் பத்துப் பேர் வாங்குவதே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

பகிர்வையும் வருமானத்தையும் எதிரெதிராக நிறுத்தவேண்டியதில்லை என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு ரசிகர்களைத் தங்கள் கச்சேரியை ஒலிப்பதிவு செய்ய விட்டது. 1984-லிருந்து ரெக்கார்டரோடு வருபவர்களுக்குத் தனி இடமே ஒதுக்கியது. நிபந்தனை ஒன்றுதான், காசுக்கு விற்கக்கூடாது. கேசட்டுகள் கை மாறிக் கை மாறிப் போயின, கச்சேரிக்குக் கூட்டம் குறையவில்லை. அந்தக் குழுவுக்குப் பாட்டு எழுதிய ஜான் பெர்ரி பார்லோதான் 1990-ல் இணையச் சுதந்திரத்துக்கான எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. பிறகு 2002-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. 'என் பெயரைச் சொல்லிப் பகிரு', 'பகிரு ஆனால் விற்காதே', 'மாற்றிக்கொள், மாற்றியதையும் இதேபோல் திறந்து வை' என்று உண்டாக்கியவரே தன் வாயால் சொல்லிவிடலாம். இதுதான் எனக்கு மிகப் பிடித்த வழி. அனுமதி இருக்கிறதா என்ற குழப்பமே இல்லை.

என் கோபமெல்லாம் வாங்கியவரைச் சந்தேகப்படும் ஆட்களிடம்தான். 2005-ல் சோனி பிஎம்ஜி சில சிடிகளில் ஒரு பிரதித் தடுப்பு மென்பொருளை வைத்தது. விண்டோஸ் கணினியில் போட்டால் அது தன்னை ஒளித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும், அந்த ஒளிவிடத்தை வைரஸ் எழுதுபவர்களும் பயன்படுத்த முடிந்தது. மார்க் ருசினோவிச் என்ற பொறியாளர் கண்டுபிடித்து வெளியே சொன்ன பிறகு சிடிகளைத் திரும்ப வாங்கவேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர் யார் பாருங்கள். டவுன்லோடு செய்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடையில் போய்க் காசு கொடுத்தவரின் கணினிதான் கெட்டது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையும் 2003-ல் பூட்டோடுதான் தொடங்கியது, 2009-ல் பாட்டுகளிலிருந்து பூட்டை எடுத்தது, இசை வியாபாரம் அதனால் அழிந்துவிடவில்லை.

கேள்வி: 320 கிலோபிட் எம்பி3-க்கும் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. நம்பாவிட்டால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் என்ற சோதனைக்கு ஒரு இணைப்பு இருக்கிறது. எது எது என்று காட்டாமல் மாற்றி மாற்றிப் போடும், நீங்கள் கண்டுபிடிக்கவேண்டும், பதினாறு தடவை செய்து பாருங்கள். 128-ஐ நான் பிடித்துவிடுவேன், தாளத்தட்டின் 'ஸ்ஸ்' சத்தம் தண்ணீருக்குள் கேட்பதுபோல இருக்கும். 320-ல் எனக்கு வந்த மதிப்பெண் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.

காரணம் இதுதான். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். எம்பி3 செய்வது, ஒரு பலமான சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய சத்தம் காதில் விழாது என்ற உண்மையை வைத்துக்கொண்டு, கேட்காததைத் தூக்கிவிடுவது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் இதில் வேலை செய்தபோது, சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ஒரு பாட்டை வைத்துத் திரும்பத் திரும்பச் சோதித்தார். வெறும் குரலில் தப்பு மறைய இடமே இல்லை என்பதால்.

அப்படியானால் ஃபிளாக் எதற்கு? சேமித்துவைக்க. ஒரு பிட்டும் போகாமல் சிடி அளவில் ஏறக்குறைய பாதியோ கொஞ்சம் கூடவோ ஆகச் சுருங்கும். நாளைக்கு எம்பி3-யைவிட நல்லது ஒன்று வந்தால், ஏற்கெனவே ஓபஸ் என்ற சுருக்கும் முறை வந்துவிட்டது, ஃபிளாக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எம்பி3-யிலிருந்து மாற்றினால் அது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். அதேபோல எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றி 'தரம் கூட்டினேன்' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், போனது போனதுதான், அளவுதான் பெருக்கும். புளூடூத் ஹெட்போனில் கேட்பவர்கள் இதையும் கவனிக்கவேண்டும், ஃபோன் எந்த ஃபைலைப் பாடினாலும் வழியில் பெரும்பாலும் இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது. நல்ல ஹெட்போனுக்குச் செலவு செய்யுங்கள், பெரிய எண்களுக்கு வேண்டாம்.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் பாட்டு அனுப்பினால் தரம் குறையுமா?

வீடியோவாக அனுப்பினால் குறையும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், ஃபைல் உள்ளது உள்ளபடி போகும்.

கேள்வி: பழைய எம்பி3-களில் தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகவோ புரியாத எழுத்தாகவோ தெரிகின்றன. ஏன்?

இது எனக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி, ஒரு விடுமுறை முழுக்க இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எம்பி3-யில் பெயர் எழுத முதலில் வந்த முறை ஐடி3-யின் முதல் பதிப்பு. ஃபைலின் கடைசியில் 128 பைட், அதில் பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்துக்கே இது இடிக்கும். யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 என்ற முறையில் எழுதினால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். 'பா' என்ற ஒரே எழுத்தில் ப, துணைக்கால் என்று இரண்டு குறியீடு, ஆக 6 பைட். 30 பைட்டில் ஐந்தாறு எழுத்துதான் நுழையும், மீதி அறுந்துபோகும். தவிர, யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் தமிழை எழுதிவைத்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

எம்பி3டேக் போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, பெயர்களை யூனிகோடில் திருத்தி, ஐடி3-யின் 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பழைய கார் பிளேயர்கள் சில 2.4-ஐப் படிப்பதில்லை, அதனால்தான் 2.3. பெயரே தெரியாத பாட்டுகளுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற தகவல் களஞ்சியத்தின் பிக்கார்டு மென்பொருள் இருக்கிறது, ஒலியைக் கேட்டே அடையாளம் காணப் பார்க்கும். அந்தத் தகவல் களஞ்சியம் முழுக்க ஆர்வலர்கள் எழுதியது. சிடி விவரங்களை ரசிகர்கள் இலவசமாக எழுதிக்கொடுத்த சிடிடிபி என்ற களஞ்சியம் வணிகமாகிப் போனதைப் பார்த்துத்தான் 2000-ல் ராபர்ட் கே இதைத் தொடங்கினார். நம் பாட்டுகளுக்கு அதில் விவரம் குறைவு. இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயரோடு ஒரு ஆல்பத்தை நீங்கள் சேர்த்தால் அது எல்லாருக்கும் கிடைக்கும். வாரத்துக்கு ஒன்று நான் சேர்க்கிறேன், நீங்களும் சேருங்கள்.

கேள்வி: எந்த பிளேயர் நல்லது?

கணினியில் ஃபூபார்2000, எதுவும் பாடாத ஃபைலுக்கு விஎல்சி. விஎல்சி கட்டற்ற மென்பொருள், பிரெஞ்சு மாணவர்கள் கல்லூரித் திட்டமாகத் தொடங்கியது, விளம்பரம் இல்லை, உளவு இல்லை. முடிந்தால் அவர்களுக்கு நன்கொடை கொடுங்கள்.

கேள்வி: ஒரு பாட்டு காதைக் கிழிக்கிறது, அடுத்தது கேட்கவே மாட்டேன் என்கிறது. ஒரே அளவாக்க முடியுமா?

முடியும், ரீப்ளேகெய்ன் என்று தேடுங்கள். ஒவ்வொரு பாட்டும் காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்று அளந்து அந்த எண்ணை மட்டும் ஃபைலில் குறித்துவைக்கும், பாட்டைத் தொடாது. பிளேயர் அதைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளும். ஆல்பமாகக் கேட்பவர்கள் 'ஆல்பம்' அளவையே வையுங்கள், இல்லையென்றால் மெல்லப் பாடவேண்டிய பாட்டும் கத்தும். தொண்ணூறுகளிலிருந்து போட்டி போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டி ஏற்ற இறக்கமே இல்லாமல் நசுக்கிய பதிவுகளை மட்டும் இது காப்பாற்றாது. அங்கே பழைய சிடிதான் வழி.

கேள்வி: பாட்டிலிருந்து குரலை மட்டும் தனியாக எடுக்க முடியும் என்கிறார்களே?

முடிகிறது, ஆச்சரியப்படும் அளவுக்கு. டீசர் என்ற இசை நிறுவனம் 2019-ல் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது, டெமக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் இன்னும் நன்றாகப் பிரிக்கிறது. பாடிப் பழகுபவர்களுக்கும், பின்னணியில் வயலின் என்ன செய்கிறது என்று கேட்க ஆசைப்படுபவர்களுக்கும் இது பெரிய வரம். பிரித்த குரலை வைத்து அவர் பாடாததைப் பாடவைக்காதீர்கள், அது அந்த மனிதரின் தொண்டை.

கேள்வி: வீட்டில் நாற்பது கேசட் இருக்கிறது. சில சினிமாப் பாட்டு, சில அம்மா பாடிப் பதிவு செய்தது. எப்படிக் கணினிக்கு மாற்றுவது, எதிலிருந்து தொடங்குவது?

அம்மா பாடியதிலிருந்து. சினிமாப் பாட்டை இன்னொரு இடத்தில் தேடிக்கொள்ளலாம். எனக்கு ஒரு ஹார்டு டிஸ்க் ஒரே நாளில் செத்துப்போனது. ஆயிரக்கணக்கில் பாட்டு போனது, ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். அதிலேயே இருந்த, நண்பர்கள் நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பாடிய பதிவு மட்டும் திரும்ப வரவில்லை. ஒரே பிரதிதான் வைத்திருந்தேன்.

முதலில் கேசட் டெக்கில் டேப்பைத் தொடும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு டெக் டேப்பைத் தின்கிறதா என்று பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த கேசட்டைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டுப் பிறகு பாடவிடுங்கள். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர், மைக் ஓட்டையில் சொருகாதீர்கள், லைன் இன் இல்லாவிட்டால் ஒரு சின்ன யூஎஸ்பி ஆடியோ கருவி வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இலவசம், அதில் பதிவு செய்யுங்கள், மிகப் பலமான இடம்கூட மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்பைத் தொட்டால் அந்தச் சேதத்தைப் பின்னால் சரிசெய்ய முடியாது. 60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும், குறுக்குவழி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று உடனே கை வைக்கவேண்டாம். எடுத்தது எடுத்தபடியே ஃபிளாக்காகச் சேமித்து, சுத்தம் செய்வதை இன்னொரு பிரதியில் செய்யுங்கள். இன்றைய மென்பொருள் குரலின் ஓரத்தையும் சேர்த்து அரித்துவிடும், பத்து வருடம் கழித்து இதைவிட நல்லது வரும், அன்றைக்கு இந்த மூலம் வேண்டும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு கருவியில், ஒன்று வேறு வீட்டில். உடன்பிறந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு பென்டிரைவ் கொடுத்துவிடுங்கள். கேசட்டைத் தூக்கிப் போடவேண்டாம்.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது பாடியவர் என்ற இடத்தில் அம்மாவின் முழுப்பெயரை எழுதுங்கள், பதிவு செய்த வருடம் தெரிந்தால் அதையும். நடுவில் யாராவது பேசுகிறார்கள், ஒரு குழந்தை சிரிக்கிறது என்றால் வெட்டாதீர்கள், அது யார் என்று அம்மாவிடமே கேட்டு எழுதிவையுங்கள்.